மூன்று பேர் ‘இல்லை’ என்றார்கள்

எங்கள் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தோம். எல்லோரும் கொட்டாஞ்சேனையில் ஒரே வருடம் ஓ.எல். பரீட்சை எழுதிய பெண்கள். ஒரு ஒன்றுகூடல் சாப்பாட்டுக்காகத் தொடங்கிய குழு அது. சாப்பாடு முடிந்தது, படங்கள் எல்லாம் பகிர்ந்தாயிற்று, ஆனால் குழுவை மூட ஒருத்திக்கும் மனம் வரவில்லை. கொஞ்சக் காலம் கேக் செய்முறையும் பிள்ளைகளின் பரீட்சை முடிவும் மரண அறிவித்தலுமாக ஓடியது. பிறகு பெற்றோல் வரிசை நாட்கள் வந்தன. வாகனத்துக்குள் மணிக்கணக்கில் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தவர்கள் அரசியல் எழுதத் தொடங்கினார்கள். வரிசைகள் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நாங்கள் பேசாத விடயம் இல்லை. வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு இந்த நாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல உரிமை உண்டா, பெண்பிள்ளையை எந்த வயதில் கட்டிக் கொடுப்பது, பஸ் பலகைகளில் தமிழை ஏன் இப்படிக் கொலை செய்கிறார்கள், முகத்தை மூடுவது அவரவர் இஷ்டமா இல்லையா. எல்லா மதத்துக்காரரும் இருந்த வகுப்பு எங்களுடையது. ஆகவே எந்த விடயத்தை எடுத்தாலும் யாருக்காவது சுட்டது.

நான் அதில் முன்வரிசைக்காரி. வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் கோட்டையில் என் அலுவலகத்துக்குப் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம் ஆகும். கப்பல் முகவர் கொம்பனி ஒன்றில் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் வேலை எனக்கு. கைப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மற்றக் கையின் பெருவிரலால் எழுதுவேன். கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள் ஒருத்தியையாவது மடக்கியிருப்பேன். வாதத்தில் வெல்வது எனக்குப் பிடிக்கும். இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஒருநாள் காலைச் செய்தியில் ஒரு சின்னப் பிள்ளையின் கொலை வந்தது. அதன் விவரத்தை இங்கே எழுத மாட்டேன். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்குப் பின்னல் கட்டிக்கொண்டே அந்தச் செய்தியைக் கேட்டேன். றிபனை மூன்று தரம் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது. எங்கள் நாட்டு நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிக்கும். ஆனால் பல பத்தாண்டுகளாக ஒருவரையும் தூக்கில் போட்டதில்லை. தண்டனை பெற்றவர்கள் சிறையிலேயே இருப்பார்கள். அன்று பஸ்ஸில் ஏறியதும் குழுவில் ஒரு வாக்கெடுப்புப் போட்டேன். ‘இப்படியானவனைத் தூக்கில் போட வேணுமா?’ கீழே இரண்டே தெரிவுகள்: ஓம், இல்லை.

மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு பேர் ஓம் என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள்.

யார் யார் எதற்குப் போட்டார்கள் என்பது அதில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி கன்னியாஸ்திரியாகிப் போனவள். அவளிடம் காரணம் கேட்பதில் பொருளில்லை. இன்னொருத்தி, ‘கண்ணாடி போடாம அமத்திட்டேன்’ என்று எழுதினாள், ஆனால் மாற்றவில்லை. மூன்றாமவள் இரண்டு வருடமாகக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தும் ஆழ்ந்த அனுதாபமும் தவிர வேறொன்றும் எழுதாதவள். வகுப்பில் எனக்கு இரண்டு வாங்கு பின்னால் இருந்தவள். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு ஞாபகமில்லை.

‘இல்லை என்டு போட்டவங்க காரணத்தையும் சொல்லலாமே’ என்று எழுதினேன்.

‘காரணம் இருக்கு. எழுத விருப்பமில்லை’ என்று அவள் பதில் போட்டாள்.

லண்டனில் இருக்கும் எங்கள் வகுப்புக்காரி ஒருத்தி சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு உற்சாகமாக இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், சோற்றுப் பார்சலை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுதினேன்: ‘சும்மா இருந்துகொண்டு மனிதாபிமானம் கதைக்கிறது லேசு. உங்கட வீட்டில ஒரு கொலை விழுந்திருந்தா தெரியும். அப்பவும் இல்லை என்டு போடுவீங்களா?’

கைதட்டல்கள் வந்து குவிந்தன. பத்து நிமிடம் கழித்து அவள் எழுதினாள்.

‘எங்கட வீட்டிலயும் ஒரு கேஸ் நடந்தது. அதனாலதான்.’

பிறகு லண்டன்காரி தொடங்கினாள். ‘ஓம், கோர்ட், மறியல்வீடு என்டு ஏதோ அந்த நாளில கேள்விப்பட்ட ஞாபகம். தம்பியோ மாமாவோ உள்ளுக்கு என்டு நினைக்கிறேன்.’ இன்னொருத்தி, ‘அப்ப வேற எப்படிப் போடுவாங்க’ என்று எழுதி, உடனே அழித்தாள். ஆனால் எல்லோரும் வாசித்துவிட்டார்கள். கொலைகாரனின் குடும்பம் என்று யாரும் நேராக எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வந்த உணர்வு வெட்கமல்ல. அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒருவிதமான ஆறுதல். அவள் தன் ஆளைக் காப்பாற்றத்தான் பேசுகிறாள், ஆகவே என் வாதத்தில் பிழையில்லை என்ற ஆறுதல். சோற்றுப் பார்சலை முழுதாகச் சாப்பிட்டு முடித்தேன்.

பின்னேரம் குழுவின் நிர்வாகி என்னைக் கூப்பிட்டாள். அவளும் எங்கள் வகுப்புத்தான். வெள்ளவத்தையில் சொந்தமாகத் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெண்.

“என்ன புள்ள இப்புடிச் செஞ்சிட்ட? அவ குரூப்ப உட்டுப் போயிட்டா.”

“நான் என்ன செய்தேன்? கேள்விதானே கேட்டேன்.”

“அது கேள்வியா? கடப் பக்கம் வா.”

வேலை முடிந்து போனேன். அவள் யாருக்கோ ஆறு மீற்றர் சட்டைத்துணி அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி, மடித்து, ஆளை அனுப்பிய பிறகுதான் என்னிடம் திரும்பினாள்.

“அந்த வாக்கெடுப்ப நான் அழிச்சிட்டேன். அவ ஹெந்தளையில இரிக்கா. மொழிபெயர்ப்பு வேல செய்றா. எங்கட மகன்ட பர்த் சேட்டிபிக்கட்டயும் அவதான் செஞ்சி தந்தா.”

“அவட வீட்டில என்ன கேஸ் என்டு தெரியுமா?”

“நான் கேக்கல்ல. நீயும் குரூப்புல கேக்காத. நம்பர் தாரேன். கதச்சி முடிச்சிட்டு வா.”

நான் எடுத்த அழைப்புக்கு அவள் பதில் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு செய்தி போட்டேன். அடுத்த நாள் பதில் வந்தது. ‘ஞாயிறு ரெண்டு மணிக்குப் பிறகு வீட்டில இருப்பேன். வாறதென்டா வாங்க.’ பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் நீ என்றுதான் பேசிக்கொண்டோம். அந்த ‘வாங்க’ எனக்கு நன்றாகவே விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டர் கேக் வாங்கிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து வத்தளை பஸ் பிடித்து, பிறகு ஓட்டோவில் போனேன். கடற்பக்கமாகத் திரும்பும் ஒரு ஒழுங்கையில் சின்ன வீடு. முன்னறையில் கணினி, அச்சுப்பொறி, சுவர் முழுக்கக் கோப்புகள். வயதான கணவன் மனைவி இருவர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மகளிடம் கனடாவுக்குப் போவதற்காகக் கல்யாணச் சான்றிதழைச் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற வந்தவர்கள். சான்றிதழில் மனைவியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

“நான் திருத்தி எழுத ஏலாது, அங்கிள்” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். “அதில என்ன இருக்கோ அதைத்தான் நான் எழுதலாம். முதல்ல பதிவுக் கந்தோரில போய்த் திருத்திக்கொண்டு வாங்க.”

அவர்கள் போகும் வரைக்கும் ஓரத்துக் கதிரையில் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் கொஞ்சம் பருத்திருந்தாள். முன்பக்க முடி நரைத்திருந்தது, சாயம் பூசவில்லை. தெருவில் கண்டிருந்தால் அடையாளம் தெரியாமல் போயிருப்பேன்.

“நான் எழுதினது பிழை” என்றேன். பஸ்ஸில் நிறையத் தயாரித்திருந்தேன். வந்தது அவ்வளவுதான்.

“எது பிழை? தூக்கு வேணும் என்டதா, என்ட வீட்டை இழுத்ததா?”

“வீட்டை இழுத்தது.”

அவள் தலையாட்டினாள். “லண்டன்ல இருந்து என்ன எழுதினா என்டு எனக்கு ஸ்க்ரீன்ஷொட் வந்தது. தம்பியோ மாமாவோ உள்ளுக்காம். எனக்குத் தம்பியே இல்லை.”

நான் கேக் பெட்டியை மேசையில் வைத்தேன்.

“செத்தது என்ட அப்பா” என்றாள்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் குடியிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரரோடு தண்ணீர் போகும் கானைப் பற்றி ஒரு சண்டை. மாதக்கணக்கில் இழுபட்ட, யாரும் பெரிதாக எடுக்காத சண்டை. ஒருநாள் வேலை முடிந்து வந்தவரை எதிர்வீட்டு மகன் வாசலில் வைத்துக் கத்தியால் குத்திவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் இறந்துவிட்டார். நான் துபாயில் வேலை செய்த வருடங்களில் நடந்தது அது. நான் இங்கே இருந்திருந்தால் செத்த வீட்டுக்குப் போயிருப்பேன்.

“கேஸ் முடிய அஞ்சு வருஷம் போச்சு” என்றாள். “தீர்ப்பு நாளில நானும் சித்தப்பாவும்தான் போனோம். அம்மா வரல்ல. மரண தண்டனை வாசிக்கிற நேரம் லைட், ஃபேன் எல்லாத்தையும் நிப்பாட்டுவாங்க, தெரியுமா? எல்லாரும் எழும்பி நிக்கணும்.”

“தெரியாது.”

“அந்த அறையில யன்னல் சின்னது. இருட்டு. ஃபேன் நின்ட உடனே வேர்க்கத் தொடங்கிச்சு. சித்தப்பா என்ட கையைப் பிடிச்சு நெரிச்சார், வென்டுட்டோம் என்ட மாதிரி. நான் அவனைப் பார்த்தேன். அவன் ஜட்ஜைப் பார்க்கல்ல, மேல ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்டான். எனக்கு ஏதாவது வரும் என்டு நினைச்சேன். சந்தோஷமோ அழுகையோ. ஒன்டும் வரல்ல. பசிச்சது. காலையில சாப்பிடாமப் போனது. இந்த நேரத்தில பசிக்குதே என்டு வெட்கமா இருந்திச்சு.”

அவள் எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். என் கேக்கையும் வெட்டி வைத்தாள்.

“அதைவிட வீட்டுக்கு வந்த பிறகு இருந்ததுதான் கஷ்டம். அவன்ட அம்மா எதிர்க்கதவு. சின்ன வயசில அவங்க வீட்டு டிவியிலதான் நாங்க படம் பார்த்தது. ஒழுங்கைக்கு ஒரே ஒரு குழாய். தீர்ப்பு முடிஞ்சு ரெண்டு மூன்டு நாளால எங்கட அம்மா வாளியைக் குழாயடியில வச்சிட்டு உள்ளுக்கு வந்திருக்கிறாங்க. அந்த அம்மா அதை நிரப்பி வச்சிட்டுப் போயிட்டாங்க. அம்மா வந்து பார்த்தாங்க. தண்ணியை ஊத்திட்டு, வாளியைக் கழுவி, திரும்ப நிரப்பிக்கொண்டு வந்தாங்க. அடுத்த மாசம் நாங்க இங்க வந்துட்டோம்.”

“அவனை மன்னிச்சிட்டியா?”

நீ என்று கேட்டுவிட்டேன். அவள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

“இல்லை. என்னைப் பெரிய ஆள் என்டு நினைச்சிடாதே. தண்டனையை ஆயுளாக் குறைச்சாங்க, இன்னும் உள்ளுக்குத்தான் இருக்கிறான். அவன் உயிரோட இருக்கிறதில எனக்குச் சந்தோஷமும் இல்லை. ஆனா ஒருநாள் காலையில கூட்டிக்கொண்டுபோய் அவனைத் தொங்கவிட்டு, இது உன்ட அப்பாவுக்காக என்டு எனக்கு அறிவிக்க வேணாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.”

“இதைக் குரூப்பில சொல்லியிருந்தா எல்லாரும் வாயை மூடியிருப்பாங்களே.”

“அதுக்காகத்தான் சொல்லல்ல” என்றாள். “மற்றவங்கட வாயை மூடவா நான் வாக்குப் போட்டது? நீ கேட்டாய், ஓமா இல்லையா என்டு. நான் இல்லை என்டு போட்டேன். அவ்வளவுதானே?”

நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொல்லாமல் எழுந்து வந்தால் அதுவும் ஒரு ஏமாற்று. “எனக்கு இன்னும் அந்தப் பிள்ளையைக் கொன்டவனைத் தூக்கில போடணும் போலத்தான் இருக்கு” என்றேன்.

“போடணும் என்டா போடணும் என்டு சொல்லு. நான் உன்னை மாத்த வரல்லையே. நீதானே என்ட வீட்டுக்கு வந்திருக்கிறாய்.” முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு, “ஒன்டு மட்டும். என்ட அப்பாவைக் குரூப்பில போடாதே. உன்ட மனுசனுக்கும் சொல்லாதே” என்றாள்.

சரி என்றேன். இது எவ்வளவு இடைஞ்சலான வாக்குறுதி என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் ஒரே நிமிடத்தில் அந்த வதந்தி செத்துவிடும். அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே குழுவில் எழுதினேன். நான்கு தரம் அழித்து எழுதியது. ‘ஒருத்தி இல்லை என்டு வாக்குப் போட்டதுக்காக அவட வீட்டுக் கதையை நான் இழுத்தது பெரிய பிழை. அவவிட்ட நேரில மன்னிப்புக் கேட்டேன். இங்க அவவைப் பற்றி எழுதப்பட்டது உண்மை இல்லை. அதை இனி ஒருத்தரும் கதைக்க வேணாம்.’

சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். கன்னியாஸ்திரி, நன்றி என்று எழுதினாள். லண்டன்காரி கேட்டாள்: ‘அப்ப எதுதான் உண்மை?’

‘அதை நான் சொல்ல மாட்டேன்.’

‘நீதானே எல்லாத்துக்கும் காரணம் கேக்கிற ஆள். இப்ப உனக்கு மட்டும் ரகசியமா?’

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ‘ஓம்’ என்று மட்டும் எழுதினேன். அவள் அன்றைக்கே எனக்குத் தனியாக ஒரு நீண்ட குரல்பதிவு அனுப்பினாள். நான் அவளை எல்லோர் முன்னாலும் பொய்க்காரியாக்கிவிட்டேனாம். கிறிஸ்மஸ் வரைக்கும் என்னோடு பேசவில்லை. குழுவில் பாதிப் பேர் இன்றைக்கும் அந்தப் பழைய கதையைத்தான் நம்புகிறார்கள் என்று நினைக்கிறேன். அதை என்னால் திருத்த முடியவில்லை.

ஹெந்தளைக்காரி குழுவுக்குத் திரும்பி வரவில்லை. எனக்கு மட்டும் எப்போதாவது எழுதுவாள். எங்கள் சரக்குப் பத்திரங்களில் வரும் ஒரு சொல்லுக்குத் தமிழில் என்ன, இந்தச் சிங்களச் சொல்லுக்குச் சரியான ஆங்கிலம் எது என்று. சிலவேளை அதற்கே அரை மணித்தியாலம் சண்டை பிடிப்போம்.

அடுத்த வருடம் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு அவளை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடியும் ஏறி மூச்சு வாங்க வந்தாள். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் இருந்து இளைப்பாறியவர், வீட்டுக்கு வந்தவர்களோடு அரசியல் கதைக்காமல் சோறு இறங்காத மனிதர். கொடுத்த வாக்குப்படி அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மீன் குழம்பை இரண்டாம் தரம் ஊற்றும்போது அவர் தொடங்கினார். போதைப்பொருள் கடத்துகிறவர்களைப் பற்றி. “இவங்கள் எல்லாரையும் வரிசையா நிப்பாட்டித் தூக்கில போடோணும். ரெண்டு பேரைப் போட்டால் மற்றவன் பயப்படுவான்.”

பேச்சை மாற்றுவதற்காக, “பருப்பு போடவா?” என்றேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

“ஆரு போடுறது, அண்ணா?” என்று அவள் கேட்டாள். “நீங்க போடுவீங்களா?”

“நான் ஏன் போடுறன்? அதுக்கெண்டு அரசாங்கம் ஆள் வைக்கும்.”

“அந்த ஆள் உங்கட பக்கத்து ஃப்ளாட்டுக்குக் குடிவந்தா சரியா? பின்னேரம் பிள்ளைகளோட லிஃப்டில வருவான்.”

“இஞ்ச லிஃப்டே இல்லை” என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் விடவில்லை. வேறு நாடுகளில் போடுகிறார்களே என்றார். போட்டும் அங்கே குற்றம் குறையவில்லையே என்றாள். குறைந்ததா இல்லையா என்பது உமக்கு எப்படித் தெரியும் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணா என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிழையான ஆளைப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்றாள். அதற்குத்தானே மேல்முறையீடு என்றார். அவளுடைய குரல் உயர்ந்தது, அவருடையதும் உயர்ந்தது. சோறு பிசைந்த கை காய்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் அவர் நல்ல பதிலொன்றைச் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்து, “அது சரி, அதுக்கு என்னட்டப் பதில் இல்லை” என்றாள். அடுத்த நிமிடம் வேறொரு பக்கத்தால் வந்தாள்.

நான் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் துக்கம் எதுவும் இல்லை. சூடேறியிருந்தாள், மகிழ்ச்சியாகவும் இருந்தாள். அவளுக்கு இப்படி எதிர்த்துப் பேச யாரும் கிடைத்து எத்தனை வருடமோ. அப்பாவின் கதை தெரிந்திருந்தால் என் கணவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பார். வாதம் அதோடு முடிந்திருக்கும். மற்றவர்களின் வாயை மூடவா என்று அன்று ஹெந்தளையில் அவள் கேட்டது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. கரண்டியை வைத்துவிட்டு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். இடையில் என் கணவரின் பக்கம் நின்று ஒரு கேள்வியும் கேட்டேன். அவள் என்னைப் பார்த்து, “நீ இன்னும் திருந்தல்ல” என்றாள்.

நாலு மணிக்குக் காலி வீதி வரைக்கும் போய் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். என் கணவர் இன்னும் மேசையிலேயே இருந்தார்.

“நல்லாக் கதைக்கிறா” என்றார். “ஆனா நான் இன்னும் முடிக்கேல்லை. அடுத்த போயாவுக்கும் வரச்சொல்லும்.”

சொல்கிறேன் என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.